பொடி போட்ட பதிமூன்று வீடுகள்

அத்தியாயம் 6

சாயங்காலம் நாலு மணிக்கு மளிகைக் கடை ஜப்பாரை ஊரைவிட்டுத் துரத்துவதாக முடிவாகியிருந்தது. துரத்தலாமா வேண்டாமா என்று பேசத்தான் கூட்டம் என்று வெளியே சொல்லிக்கொண்டார்கள். ஆனால் சாமான் ஏற்றுகிற லாரி காலை பதினொரு மணிக்கே கடை வாசலில் வந்து நின்றுவிட்டது. கூட்டத்துக்கு முன்னால் லாரி வந்தால் அது என்ன கூட்டம்?

மாரப்பன் தன் ராஜ்தூத் மோட்டார் சைக்கிளை லாரிக்குப் பின்னால் நிறுத்தினார். பாலக்காட்டுப் போலீசில் இருபத்தெட்டு வருடம் குப்பை கொட்டி, ஏட்டாகப் பென்ஷன் வாங்கியவர். மூணாம் கிளாஸ் படிப்பு. இப்போது தனியாகத் துப்பறிகிறார். அவருக்கு ஒரு குணம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் நம்பமாட்டார். பெரிய மனிதர் சொன்னால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக நம்பமாட்டார்.

பின் சீட்டிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினவன் சூசையப்பன். வயது நாற்பது. இடுக்கி மலையில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் புண் கட்டிக்கொண்டிருந்தவன். வாய் சும்மா இராததால் வேலை போய், மாரப்பனுக்கு உதவியாக வந்து சேர்ந்தவன்.

"அண்ணாச்சி, முதுகெலும்பு முப்பத்து மூணு துண்டுன்னு எஸ்டேட் டாக்டர் சொல்லுவாரு. கோவிந்தாபுரத்துல இருந்து இங்க வாறதுக்குள்ள நான் ஒவ்வொண்ணா எண்ணிட்டேன். சரியாத்தான் இருக்கு."

"எண்ணுனியே, அந்த மட்டும் நல்லது. வா" என்றார் மாரப்பன்.

வேலங்காடு முப்பத்தெட்டே வீடு உள்ள ஊர். ஒரே மளிகைக் கடை, ஜப்பாருடையது. கடை முகப்பில் சிவப்புச் சாயத்தில் ஒரு பலகை தொங்கியது: 'வாந்திபேதியைத் தடுக்கும் ஜப்பார் மார்க் மூக்குப்பொடி.'

பலகைக்குக் கீழே ஜப்பார் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"ஏட்டய்யா, வந்துட்டீங்களா! பதினெட்டு வருசமா இந்த ஊருக்கு உப்புக் குடுத்தவனுங்க நான். இப்ப விஷம் குடுத்தேங்கறாங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவி பாத்துவின் குரல் வந்தது. "உப்போட நிறுத்தியிருந்தா லாரி வந்திருக்காதுங்க. பலகை எழுதச் சொன்னது யாருன்னு கேளுங்க."

நடந்தது இவ்வளவுதான். ஆறு நாளாக ஊரில் வாந்திபேதி. இருபத்தைந்து வீட்டில் ஆள் படுத்திருந்தது. சாவு இல்லை. ஆனால் நாலு பேரைப் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஹெல்த் ஆபீசர் ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கி, எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். பஞ்சாயத்துக் கிணறு என்று ஊர் மொத்தமும் ஒரே குரலில் சொன்னது. அந்தக் கிணற்றில் அவருடைய ஆட்களே பதினொரு நாளாக, மூன்று நாளைக்கு ஒருதரம் ப்ளீச்சிங் பவுடர் போட்டு வருகிறார்கள். அப்படியானால் தண்ணீரில் குற்றமில்லை, சாப்பாட்டுச் சாமானில்தான் கோளாறு என்று எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார். ஆபீசர்கள் எழுதுவார்கள், போவார்கள். எழுதினது யார் தலையில் விழுகிறது என்று திரும்பிப் பார்க்கிற பழக்கம் கிடையாது.

இது ஜப்பார் தலையில் விழுந்தது. சாமான் விற்கிறவர் அவர் ஒருவர்தானே.

இதற்கு நடுவில் ஊரில் யாரோ ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். நோய் அண்டாத வீடு பதிமூன்று. பதிமூன்றிலும் பொடி போடுகிற ஆள் உண்டு. வாய்வழியாக இது கடைக்கு வந்ததும் ஜப்பார் சந்தோஷத்தில் பலகை எழுதி மாட்டினார். இரண்டு நாளில் இருப்பு காலி. மூன்றாம் நாள் ஊர் வேறு மாதிரி யோசித்தது. மருந்து இவனிடம் இருக்கிறதென்றால் நோயும் இவன் வைத்ததாகத்தான் இருக்கும். அரிசியிலோ பருப்பிலோ எதையோ கலந்துவிட்டுப் பொடியை விற்கிறான்.

"உங்களுக்கு வேற எதிரியே வேண்டாம்" என்றான் சூசையப்பன். "குத்தப்பத்திரிகைய நீங்களே சிவப்பு மையில எழுதி வாசல்ல தொங்க விட்டிருக்கீயளே."

மாரப்பன் கடை முன்னால் சாமான் பரப்புகிற நீளப் பலகையைத் துண்டால் துடைத்தார். "ஜப்பாரே, கொஞ்சம் வரமிளகாயும் கொட்டைப்பாக்கும் எடு. காலிப் பொடி டப்பி மூடி இருந்தா அதையும் கொண்டா."

"சமையலுங்களா?"

"ஊரு. இந்தப் பலகைதான் ஊருன்னு வெச்சுக்கோ. ஒவ்வொரு வீடாச் சொல்லிக்கிட்டே வா. ஆள் படுத்த வீட்டுக்கு மிளகாய். நல்லா இருக்கிற வீட்டுக்குப் பாக்கு."

ஜப்பார் மேற்குத் தெருவிலிருந்து ஆரம்பித்தார். எந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்கு எப்போது வந்தது என்பதெல்லாம் கடைக்காரருக்குத் தெரியாமலா இருக்கும்? கால் மணி நேரத்தில் இருபத்தைந்து மிளகாயும் பதிமூன்று பாக்கும் பலகையில் உட்கார்ந்தன. மிளகாய் ஒரு பக்கம், பாக்கு ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கவில்லை. ஒரே தெருவில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் மிளகாய், அந்தப் பக்கம் பாக்கு.

"ரசத்துக்குப் புளி மட்டுந்தான் பாக்கி" என்றான் சூசையப்பன்.

"உன் கடைச் சாமான் வாங்காத வீடு இதுல எது?" என்று கேட்டார் மாரப்பன்.

"ஒண்ணுமில்லீங்க. முப்பத்தெட்டு வீடும் எங்கிட்டத்தான்."

"அப்ப பாக்கு வீட்டுக்காரங்களும் அதே அரிசியத்தான் தின்னுருக்காங்க. சரி. பொடி போடற வீட்டு மேல மூடிய வை."

ஜப்பார் பதிமூன்று பாக்கின் மேலும் ஒவ்வொரு மூடியாக வைத்தார். முகத்தில் கொஞ்சம் பெருமைகூட எட்டிப் பார்த்தது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க. பதிமூணுக்குப் பதிமூணு!"

"நல்லா இருக்கிற வீட்டுல பொடி இருக்குதான்னு ஊரே பாத்துச்சு. படுத்திருக்கிற வீட்டுல பலகை மாட்டறதுக்கு முந்தியே பொடி போட்ட ஆள் இருக்குதான்னு எவனாச்சும் பாத்தானா? எல்லாம் உன் வாடிக்கைதானே. நீயே சொல்லு."

ஜப்பார் மூடிகளைக் கையில் வைத்து உருட்டினார். பிறகு வேண்டா வெறுப்பாக ஒரு மிளகாயின் மேல் ஒன்று வைத்தார். இன்னொன்று. ஐந்து மிளகாய்க்கு மூடி வந்தது.

"பொங்கியண்ணன் வேற ஒரு நாளைக்கு ஒரு மட்டைப் பொடி உறிஞ்சறவருங்க" என்றார் அழாத குறையாக.

"இப்ப உமக்குச் சந்தோசமா துக்கமா?" என்று கேட்டான் சூசையப்பன். "பொடி மருந்தில்லன்னா வியாபாரம் போச்சு. மருந்துன்னா நீரே போச்சு."

மாரப்பன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பதிமூன்றுக்குப் பதிமூன்று சும்மா வராது. ஐந்து வீட்டுக்காரர்களும் வேண்டுமென்று வாந்தி எடுக்கமாட்டார்கள். இரண்டும் உண்மையென்றால் நடுவில் எவனோ ஒளிந்துகொண்டிருக்கிறான்.

"பலகை மேல ஒரு துண்டப் போட்டு மூடி வை. யாரும் கைய வெக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

பொங்கியண்ணன் கட்டிலில் ஒடுங்கிக் கிடந்தார். கண் உள்ளே போயிருந்தது. ஆனால் பொடி மட்டை மட்டும் தலையணைக்குப் பக்கத்தில் மரியாதையாக இருந்தது.

"பொடி போட்டும் வந்துருச்சுங்களா?" என்று விசாரித்தார் மாரப்பன்.

"வந்துதுங்க ஏட்டய்யா. இந்தப் பக்கம் தும்மல், அந்தப் பக்கம் வாந்தி. எதுக்கு முதல்ல எந்திரிக்கறதுன்னு தெரியாம அஞ்சு நாளாப் படுத்திருக்கேன்."

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?"

பொங்கியண்ணன் மனைவி சின்னத்தாயி உள்ளே போனாள். மாரப்பனும் அடுக்களை நிலை வரைக்கும் பின்னால் போனார். மூலையில் பித்தளைக் குடம். குடத்தின் வாயில் தண்ணீர்மேல் பச்சையாக ஒரு மாவிலைக் கொத்து மிதந்தது. அவள் அதை ஒதுக்கிவிட்டு டம்ளரில் மொண்டாள்.

மாரப்பன் டம்ளரை வாங்கினார். முகர்ந்து பார்த்தார். குடிக்கவில்லை.

"பஞ்சாயத்துக் கெணத்துத் தண்ணிதானே, அம்மிணி?"

"ஆமாங்க" என்று சின்னத்தாயி சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"கொத்து எதுக்கு?"

"தண்ணி தளும்பாம இருக்கறதுக்குங்க" என்றவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அடுக்களைச் சன்னல் வழியாகப் பஞ்சாயத்துக் கிணறு தெரிந்தது. எண்ணி இருபதடி.

"இருவதடி தூரத்துக்கு யாரும் குடத்துல கொத்துப் போடமாட்டாங்க. ஒரு மைல், ஒண்ணரை மைல் நடக்கறவங்கதான் போடுவாங்க. மாங்கொத்துப் போடோணும்னா குடம் நெறையற எடத்துல மாமரம் இருக்கோணும். உங்க தெருவுல வேப்ப மரந்தான் இருக்குது."

சின்னத்தாயி கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஏனுங்க, என்னைக் கேக்காதீங்க. மாரியாத்தா மேல சத்தியம் பண்ணியிருக்கறேன். எம்பட வாயால வராதுங்க."

"வரவே வேண்டாம்" என்றார் மாரப்பன். "வாயால வர்றத நான் எப்பவும் கணக்குல சேக்கறதில்ல. ஆனா ஒண்ணு. இந்தத் தண்ணிய உன் ஊட்டுக்காரருக்குக் குடுக்காத. குடுத்தே ஆகோணும்னா அடுப்புல ஏத்திக் கொதிக்க வெச்சுக் குடு."

வெளியே வந்ததும் சூசையப்பன் சொன்னான்: "அண்ணாச்சி, ஒரு டம்ளர் தண்ணிய இவ்வளவு நேரம் கையில வெச்சுக் குடிக்காம இருந்த மனுசன நான் கோயில்லகூடப் பாத்ததில்ல."

பஞ்சாயத்துக் கிணற்றில் ஒரே ஒரு பெண் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும் வள்ளியாத்தாள். கிணற்றைச் சுற்றி நாலு கப்பிகள். மூன்றின் கயிறு முறுக்குக் காய்ந்து கிடந்தது. ஒரு கப்பியில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. உச்சி வெயிலில், முப்பத்தெட்டு வீட்டுக்கு ஒரே கிணறு என்று சொல்லப்பட்ட இடத்தில்.

"என்ன தாயி, தனியா நிக்கறீங்க?"

"என் வாய்க்குப் பயந்துக்கிட்டுங்க" என்றாள் வள்ளியாத்தாள் பெருமையாக. "முந்தியெல்லாம் இங்க கயித்துக்குச் சண்டை. நான் நாலு பேச்சுப் பேசினதுல இருந்து பத்து நாளா ஒருத்தியும் இந்தப் பக்கம் தலை காட்டறதில்ல. மொத்தம் பத்துப் பதிமூணு பேருதான் வர்றோம். நிம்மதியா இருக்குதுங்க."

அவள் மூக்கடியில் கறுப்பாகப் பொடி. அவள் சேந்திய வாளியை மாரப்பன் சூசையப்பன் பக்கம் நகர்த்தினார். அவன் குனிந்து முகர்ந்தான். அடுத்த விநாடி மூன்றடி பின்னால் போய் நின்றான்.

"யாத்தே! ப்ளீச்சிங் பவுடர்! எஸ்டேட் ஆஸ்பத்திரி கக்கூஸ்ல ரெண்டு வருசம் குடியிருந்த மாதிரி இருக்கே!"

"என்ன நாத்தம்?" என்று வள்ளியாத்தாள் வாளியில் முகத்தை விட்டாள். "எனக்கு ஒண்ணும் வரலியே. எம்பட மருமவளும் இப்படித்தான். மொதல் நாள் நாறுது நாறுதுன்னு மூஞ்சியத் திருப்புனா. எனக்கு வராத நாத்தம் உனக்கு மட்டும் எங்கிருந்து வருது, இந்த ஊட்டுல இருக்கோணும்னா இதைக் குடின்னேன். இப்பக் குடிக்கறா."

"மருமவ நல்லா இருக்காளா?"

"அவளுக்கென்ன. கல்லாட்டம் இருக்கறா."

மாரப்பன் காய்ந்து கிடந்த கயிறுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். இப்படி அவர் எதையாவது தொட்டுப் பார்த்தால் மூளை ஓடுகிறது என்று அர்த்தம். சூசையப்பனுக்கு அது தெரியும். அதனால்தான் அவன் அப்போதெல்லாம் கூடுதலாகப் பேசுவான். ஆனால் இப்போது மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்ததால் முடியவில்லை.

பாக்கு வைத்த மீதிப் பன்னிரண்டு வீட்டுக்கும் மாரப்பன் போனார். ஒரே கேள்விதான் கேட்டார்: இந்த வீட்டில் தண்ணீர் எடுக்கப் போவது யார்? பதினோரு வீட்டில் பதில் ஒரே மாதிரி வந்தது. பன்னிரண்டாவது வீடு மாட்டுத் தரகர் அலவியுடையது. ஒண்டிக்கட்டை. அவரே குடத்தோடு எதிரே வந்தார்.

"பொண்டாட்டி மவுத்தாகி ஏழு வருசமாச்சுங்க. எனக்கு யாரு சேந்தித் தருவாங்க?"

"தண்ணியில வாசனை ஏதாச்சும்?"

"ஏட்டய்யா, இருபது வருசம் மாட்டுச் சந்தையில நின்னவன், அதுக்கு மேல பொடி வேற. எனக்கு மூக்கு இருக்கறது கண்ணாடி மாட்டறதுக்குத்தாங்க."

மாரப்பன் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வண்டியை உதைத்தார்.

"எங்க போறோம்?" என்றான் சூசையப்பன்.

"மாமரம் இருக்கிற எடத்துக்கு."

"முதலமடைப் பக்கம் வந்து மாமரம் தேடுதீயளே! எங்க மலையில வந்து தேயிலைச் செடி தேடுத மாதிரி."

ஆனால் மாரப்பன் தேடவில்லை. சொந்தமாகக் கேணி உள்ள தோப்பு அந்தப் பக்கம் ஒன்றுதான். ரத்தினசாமியுடையது. அவரை ஊரில் பண்ணையார் என்பதற்குப் பதிலாகப் பண்ணாடி என்று கூப்பிடுவார்கள். நாலு மணிக் கூட்டத்துக்குத் தலைவர் அவர். கடை வாசலில் நிற்கிற லாரியும் அவருடையது.

தோப்புக்குள் படி இறங்குகிற கேணி. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. கேணி ஓரத்து மாமரத்தில் கைக்கெட்டுகிற உயரத்தில் ஒரு கொத்துகூட மிச்சமில்லை. ஒடித்த காம்புகளில் பால் காய்ந்திருந்தது.

"எவ்வளவு அழகான தண்ணி" என்று சூசையப்பன் கையைக் குவித்துக் குனிந்தான்.

"தொட்டே, இருபத்தாறாவது மிளகாய் வெச்சிருவேன். மேல பாரு."

கேணிக்கு மேலே சரிவான மேடு. மேட்டில் வரிசையாகக் கீற்றுக் குடிசைகள். மாங்காய் பறிக்க வந்த கூலி ஆட்கள் நூறு பேர் நாற்பது நாளாகத் தங்கியிருந்தார்கள்.

"சூசை, நூறு பேர். நாப்பது நாள். காலையில எங்க போவாங்க?"

சூசையப்பன் மேட்டைச் சுற்றிவிட்டு இரண்டே நிமிடத்தில் திரும்பி வந்தான். முகம் கோணியிருந்தது. "எங்கயும் போகல அண்ணாச்சி. எல்லாம் அங்கதான் இருக்கு."

மேட்டிலிருந்து கேணிப் படிக்கட்டு வரைக்கும் மழை வெட்டின வாய்க்கால் ஒன்று புதிதாகத் தெரிந்தது. போன வெள்ளிக்கிழமை கோடைமழை கொட்டியது. ஞாயிற்றுக்கிழமை முதல் ஆள் படுத்தது.

தோப்பு வீட்டில் ரத்தினசாமி இல்லை, கூட்டத்துக்குச் சட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டார். அவர் மனைவி கமலாத்தாள் வெயிலில் வந்தவர்களை உட்காரச் சொல்லி, இளஞ்சூடாகச் சீரகத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மாரப்பன் அதை ஒரே மூச்சில் குடித்தார். அன்று அவர் குடித்த முதல் தண்ணீர் அதுதான்.

"எந்தத் தண்ணீங்க இது?"

"நம்ம கேணித் தண்ணிதாங்க. இந்த ருசி வேற எங்க வரும்? பாவம், ஊர்ப் பொம்பளைங்ககூட வெடியால வந்து மொண்டுக்கிட்டுப் போறாங்க. இவருக்கு வாயுத் தொந்தரவு, அதனால நான் சீரகம் போட்டுக் கொதிக்க வெச்சுத்தான் குடுப்பேன்."

சூசையப்பன் ஒரு கூஜாவில் கேணித் தண்ணீரை மொண்டுகொண்டான். மணி மூன்றே முக்கால்.

கடைக்கு எதிரே இருந்த மாங்காய்க் கொட்டகைக்கு முன்னால் ஊர் கூடியிருந்தது. நாற்காலியில் ரத்தினசாமி. ஒரு ஓரத்தில் ஜப்பாரும் பாத்துவும் நின்றார்கள். நாலைந்து இளவட்டங்கள் கடையிலிருந்து மூட்டைகளை ஏற்கெனவே வெளியே இழுக்க ஆரம்பித்திருந்தார்கள். நாச்சம்மாள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் மூன்று பேர் படுத்திருந்தார்கள். கத்தத்தான் செய்வாள்.

"எங்கூட்டுல மூணு உசுரு கெடக்குது! இவன் அரிசியத் தின்னுதானே? ஏத்துங்க லாரியில!"

"ஏத்தலாம்" என்றார் மாரப்பன். "ஏத்தறதுக்கு முன்னால ஒரு விஷயம். நல்லா இருக்கிற பதிமூணு வீட்டுலயும் இவன் அரிசிதான் வேகுது. அரிசியில விஷம்னா அவங்களும் படுத்திருக்கோணும். ஆக, அரிசியில்ல. அடுத்தது தண்ணி. எல்லாரும் எந்தத் தண்ணி குடிக்கறீங்க?"

கூட்டம் தரையைப் பார்த்தது. ரத்தினசாமி கூரையைப் பார்த்தார்.

"சொல்ல வேண்டாம். சத்தியம் பண்ணினவங்க நீங்க. நான் பண்ணல. பவுடர் நாத்தம் பிடிக்காம இருபத்தஞ்சு வீட்டுக்காரங்க பண்ணாடி தோப்புக் கேணியில மொண்டுக்கிட்டு வர்றீங்க. ஆபீசருக்குத் தெரிஞ்சா அங்கயும் பவுடர் போட்டுருவான்னு மறைச்சீங்க. நீங்க மறைச்சதனாலதான் அவன் தண்ணிய விட்டுட்டு அரிசிய எழுதினான். நோய் அந்தக் கேணியில இருக்குது."

ரத்தினசாமி எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. "என் தண்ணியையா சொல்றே? மூணு தலைமுறை குடிச்ச தண்ணி! பொம்பளைங்க வந்து அழுதாங்கன்னு புண்ணியத்துக்குக் குடுத்தேன். அதுல நோவா?"

மாரப்பன் கூஜாவைத் திறந்து டம்ளரில் ஊற்றி நீட்டினார். "உங்க கேணித் தண்ணி. குடிங்க."

குற்றமுள்ளவன் குடிக்கமாட்டான், கை நடுங்கும், முகம் வெளுக்கும் என்று எல்லோரும் ரத்தினசாமி முகத்தையே பார்த்தார்கள்.

ரத்தினசாமி டம்ளரைப் பிடுங்கினார். "ஒண்ணென்ன, ஒம்பது குடிப்பேன்!" என்று தலையை அண்ணாந்து வாய்க்கு நேரே தூக்கினார்.

மாரப்பன் கையை வீசினார். டம்ளர் பறந்துபோய் லாரிச் சக்கரத்தில் மோதி உருண்டது. ரத்தினசாமி சட்டையெல்லாம் தண்ணீர். பண்ணாடி கையைத் தட்டிவிட்ட ஆளை அந்த ஊர் அதுவரைக்கும் பார்த்ததில்லை.

"இது போதும்" என்றார் மாரப்பன். "தெரிஞ்சு செஞ்சவன் குடிக்கமாட்டான். நீங்க குடிக்கப் பாத்தீங்க. அப்ப உங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு ஏன் வாந்தி வரல தெரியுமா? உங்க ஊட்டம்மா சீரகம் போட்டுக் கொதிக்க வெச்சுக் குடுக்கறாங்க. ஊருக்குப் போனது பச்சைத் தண்ணி. கேணிக்கு மேல மேட்டுல நூறு பேரு நாப்பது நாளா இருக்காங்க. போன வெள்ளிக்கெழமை மழையில மேட்டுல இருந்தது அத்தனையும் கேணிக்குள்ள எறங்கிருச்சு. நம்பலீன்னா இப்பவே போய் வாய்க்காலைப் பாருங்க. என்னை யாரும் நம்ப வேண்டாம்."

"நான் பாத்தேன்" என்றான் சூசையப்பன். "பாத்ததுல இருந்து எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

ரத்தினசாமி கவிழ்ந்த நாற்காலியை நிமிர்த்தவில்லை. தரையிலேயே உட்கார்ந்தார். பெரிய மனிதர் தரையில் உட்கார்ந்தால் ஊரும் ஒவ்வொருவராக உட்காரும். மூட்டையைத் தூக்கி நின்ற இளவட்டங்கள் அதை இறக்குவதா ஏற்றுவதா என்று தெரியாமல் தோளிலேயே வைத்திருந்தார்கள்.

நாச்சம்மாள் மட்டும் விடவில்லை. "அதெல்லாஞ் சரிங்க. அப்பப் பதிமூணு வீடு எப்படித் தப்பிச்சுது? பொடிதானே காப்பாத்துச்சு? காப்பாத்தற பொடி இவன்கிட்ட இருக்குதுன்னா..."

அவ்வளவுதான், கூட்டம் மறுபடியும் முணுமுணுத்தது. பாதிப் பேர் கண்ணில் சந்தேகம், பாதிப் பேர் கண்ணில் பொடி வாங்குகிற ஆசை.

மாரப்பன் ஜப்பார் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. உன் பொடி வாந்திபேதிய நிறுத்துமா?"

ஜப்பார் எதிரே தொங்கிய சிவப்புச் சாயப் பலகையை ஒருதரம் பார்த்தார். வியாபாரியின் வாயில் 'நிறுத்தாது' என்கிற வார்த்தை வருவது பிரசவம் மாதிரி. பதினெட்டு வருடத்தில் தன் சரக்கைப் பற்றி ஒரு குறை சொன்னவரில்லை.

"நாஞ் சொல்றேன்" என்று பாத்து முன்னால் வந்தாள்.

"வேண்டாம். நானே சொல்றேன்" என்றார் ஜப்பார். "நிறுத்தாதுங்க. அது வெறும் பொகையிலைத் தூளுங்க. வாந்திபேதிய இல்ல, ஒரு தும்மலக்கூட அது நிறுத்துனதில்ல. நான் பேராசையில எழுதிப்புட்டேன். படுத்திருக்கிற வீட்டுலயும் அஞ்சு பேரு அதே பொடிதாங்க போடறாங்க."

"கேட்டுக்குங்க" என்றார் மாரப்பன். "அந்த அஞ்சு பேரும் ஆம்பளைங்க. அவங்க ஊட்டுல தண்ணிக்குப் போறது சம்சாரம். அவங்க மூக்கு நல்லா இருக்குது, பவுடர் நாத்தம் தாங்காம தோப்புக்குப் போனாங்க. நல்லா இருக்கிற பதிமூணு வீட்டுல பொடி போடறதே குடம் எடுக்கற ஆளுதான். பன்னெண்டு பொம்பளைங்க, ஒரு அலவி. அவங்க மூக்கு செத்துப்போச்சு. நாத்தம் தெரியாம அதே கெணத்துல சேந்திக் குடிச்சாங்க. காப்பாத்தினது பொடியில்ல. நீங்க நாறுதுன்னு விட்டுட்டுப் போன பவுடர் தண்ணி."

வள்ளியாத்தாள் முகம் விழுந்துவிட்டது. "அப்ப என் வாய்க்குப் பயந்து போகலியா இவளுக?"

முதல் சிரிப்பு எங்கிருந்தோ வந்தது. அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. தரையில் இருந்த ரத்தினசாமிகூடத் துண்டால் வாயை மூடிக்கொண்டார். பிறகு எழுந்து, "டேய், மூட்டைய எடுத்த எடத்துல வைங்க. கேணிப் படிக்கு முள்ளு வெட்டிப் போடுங்க. பவுடர்காரன் வந்தா எனக்குச் சொல்லுங்க, கேணிக்கும் போடட்டும்" என்று சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் தோப்புப் பக்கம் நடந்தார்.

கூட்டம் கலைந்தது. பெண்கள் குடத்தைக் கவிழ்க்க வீட்டுக்கு ஓடினார்கள். ஜப்பார் கடைக்குள் போய், கலைந்து கிடந்த சாமான்களுக்கு நடுவில் நின்றார். திரும்பி வந்த மூட்டைகள் இடம் மாறிக் கிடந்தன. யாராவது வருவார்களா என்று வாசலைப் பார்த்தார். பொடி மருந்தில்லை என்று ஊருக்கே சொல்லியாகிவிட்டது. சரக்கில் பொய் சொன்னவனிடம் இனி அரிசி வாங்குவார்களா?

மாரப்பனும் வண்டியை எடுக்காமல் நின்றார். லாரி போய்விட்டதால் வழக்கு முடிந்தது என்று அவர் நம்புகிறவரில்லை.

நாச்சம்மாள் வந்தாள். கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. பைக்குப் பதிலாக முந்தானையை விரித்துப் பிடித்தாள்.

"ரெண்டு கிலோ அரிசி போடு" என்றாள். "பழசாப் பாத்துப் போடு. கஞ்சி காய்ச்சோணும், மூணு பேரு கெடக்கறாங்க."

ஜப்பார் தராசைத் தூக்கினார். அள்ளிப் போட்ட வேகத்தில் அரிசி தட்டில் கொஞ்சம் கூடுதலாக விழுந்து, முள் அவள் பக்கம் சாய்ந்தது. அவர் அதைச் சரி பண்ணவில்லை. அப்படியே முந்தானையில் கொட்டினார்.